யாரை முதலில் இறக்கிவிடுவது?

(தாம்பரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கணக்கெடுப்பு. போனில் வேலை முடிந்ததும், திறந்து கிடக்கும் ஆப்களையெல்லாம் வரிசையாக மேலே தள்ளித் தள்ளி மூடுகிறவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். சரி, முக்கால்வாசிப் பேர். சண்முகம் சாலைப் பக்கம் ஏதாவது ஒரு போன் கடையில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: "பேக்ரவுண்டுல நிறைய ஓடுது சார், அப்பப்ப க்ளியர் பண்ணிடுங்க." சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வேலையைச் செய்யப் போனுக்குள்ளேயே ஒரு ஆள் சம்பளமில்லாமல் இருக்கிறான். எதை மூடுவது, எதை விட்டுவைப்பது, எப்போது கை வைப்பது என்று அவன் விநாடிக்கு விநாடி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான். இன்று அவனுடைய கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவன் எங்கே தவறுகிறான் என்பதையும் சொல்வேன். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் நம் பகுதியில் 3 ஜிபி, 4 ஜிபி போன் வைத்திருப்பவர்கள்தான்.

ஆப் என்பது சேமிப்பில் சும்மா கிடக்கும் ஒரு கோப்பு மூட்டை. அதைத் தொட்டதும் இயங்குதளம் அதற்கு ரேமில் இடம் கொடுத்து, ஓர் எண் கொடுத்து, ஓடவிடுகிறது. அப்படி ஓடுகிற உருப்படிக்குப் புராசஸ் என்று பெயர். பேச்சுக்குத்தான் ஓடுகிறது என்கிறோம். பெரும்பாலான புராசஸ்கள் பெரும்பாலான நேரம் தூங்குகின்றன. விரல் திரையில் படும்வரை, நெட்வொர்க்கிலிருந்து பதில் வரும்வரை, குறித்த நேரம் வரும்வரை அவற்றுக்கு வேலையில்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னலும் அவற்றுக்குச் சிபியூ நேரம் ஒதுக்குவதில்லை. உங்கள் போனில் இந்த நிமிடம் சில நூறு புராசஸ்கள் இருக்கும். அவற்றில் விழித்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

தூங்குகிறவனால் என்ன தொல்லை, எதற்காக அவனைக் கொல்ல வேண்டும்? இடம். அது ஒன்றுதான் காரணம். தூங்கினாலும் அவன் படுத்திருக்கும் ரேம் அவனுடையது.

இந்தச் சிக்கல் ஸ்மார்ட்போனோடு வந்ததல்ல. இங்கிருந்து ரயிலேறினால் அரை மணியில் கிண்டி. அங்கே ஐஐடி மெட்ராஸில் 1973இல் ஐபிஎம் 370/155 கணினியை நிறுவினார்கள். துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், முடிவு அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டிய காலம். அந்தக் குடும்பத்து ஐபிஎம் இயங்குதளங்களில் 522 என்றொரு முறிவு எண் உண்டு. ஒரு வேலை, ஒரு நாடா ஏற்றப்படுவதற்காகவோ வேறு எதற்காகவோ, அந்தக் கணினி நிலையம் குறித்துவைத்த நேரத்துக்கு மேல் அசையாமல் காத்திருந்தால், இயங்குதளம் அதை 522 போட்டு வெளியே தள்ளிவிடும். சும்மா இருந்தவனைச் சும்மா இருந்ததற்காகவே வெளியேற்றுவது என்றால் அதுதான். கடிகாரம் பார்த்துக் கொடுக்கிற தீர்ப்பு. கடுமையானதுதான், ஆனால் யாருக்கும் புரியும்: இவ்வளவு நிமிடம், அதற்கு மேல் இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுதிய விதிகளைப் பார்க்கும்போது இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பின்னால் வந்தவர்களில் நமக்கு முக்கியம் லினக்ஸ். அதில் ஒரு தாராள குணம் உண்டு. ஒரு நிரல் ஒரு ஜிபி வேண்டும் என்று கேட்டால், கையிருப்பில் அவ்வளவு இருக்கிறதா என்று கறாராகப் பார்க்காமல் சரி என்று தலையாட்டிவிடும். நிரல் அந்த இடத்தை உண்மையாகவே தொடும்போதுதான் பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுக்கும். கேட்பவர்களில் பலர் கேட்டது முழுவதையும் பயன்படுத்துவதில்லை என்பதால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஓடிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுத்த வாக்கைக் கேட்டு வந்து நின்றால்தான் வம்பு. கொடுக்க ஒன்றுமில்லை, மறுக்கவும் முடியாது. ஏற்கெனவே சரி என்று சொல்லியாயிற்று. அந்த நிலையில் கெர்னல் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக் கொன்று, அவன் இடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. இதைச் செய்யும் பகுதிக்கு ஓஓஎம் கில்லர் என்று பெயர். நினைவகம் தீர்ந்தால் கொல்பவன்.

1998லிருந்து 2000க்குள் ரிக் வான் ரீல் என்ற டச்சு நிரலாளர் எழுதியது அதன் முதல் வடிவம். அவர் போட்ட கணக்கு கிட்டத்தட்ட ஓர் அற நூல். யார் அதிக இடம் பிடித்திருக்கிறானோ அவனுக்குக் கெட்ட மதிப்பெண் அதிகம். ஆனால் அவன் நிறைய உழைத்திருந்தால், அதாவது சிபியூ நேரம் நிறையச் செலவழித்திருந்தால், மதிப்பெண்ணை அந்த நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துக் குறைப்பார்கள். நீண்ட காலமாக ஓடிக்கொண்டிருப்பவன் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். தன்னுடைய முன்னுரிமையைத் தானே தாழ்த்திக்கொண்ட பணிவான புராசஸ் என்றால் மதிப்பெண் இரட்டிப்பு. பணிவுக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். நிர்வாகியின் புராசஸ் என்றால் நான்கில் ஒரு பங்கு. எல்லா அலுவலகமும் அப்படித்தானே.

கவனியுங்கள். இந்தக் கணக்கில், சும்மா இருந்ததற்கு நேரடித் தண்டனை இல்லை. உழைத்தவனுக்குச் சலுகை என்ற வழியில்தான் அது உள்ளே வருகிறது. நேற்று தொடங்கி, பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, சிபியூவைத் தொடாமல் இருப்பவன் மாட்டிக்கொள்வான்.

2004இல் ஆண்ட்ரீஸ் பிரவர் என்ற இன்னொரு டச்சுக்காரர், கெர்னல்காரர்களிடையே இதைக் கிண்டலடித்து ஒரு கதை எழுதினார். குறைந்த எரிபொருளோடு பறந்தால் விமானம் லேசாக இருக்கும், செலவு மிச்சம் என்று ஒரு விமான நிறுவனம் கண்டுபிடிக்கிறது. எப்போதாவது எரிபொருள் போதாமல் போகிறது. உடனே பொறியாளர்கள், ஆபத்தில் ஒரு பயணியைத் தேர்ந்தெடுத்து வெளியே தள்ளும் பொறியைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன்பிறகு விவாதமெல்லாம் யாரைத் தள்ளுவது என்பதைப் பற்றியே. கனமானவரையா, வயதானவரையா, குறைந்த கட்டணத்தில் வந்தவரையா? பணம் கொடுத்து விலக்கு வாங்கலாமா? விமானி என்ன கணக்கில் வருவார்? கதையைப் படித்த எல்லோரும் சிரித்தார்கள். விவாதம் மட்டும் அதே வழியில் தொடர்ந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகும் தொடர்கிறது.

2010இல், லினக்ஸ் 2.6.36 வெளியீட்டில், டேவிட் ரியன்ட்ஜஸ் இந்த அற நூலைக் கிழித்துப் போட்டார். உழைப்புச் சலுகை போயிற்று, வயதுச் சலுகையும் போயிற்று. ஒரு புராசஸ் ரேமிலும், ரேம் போதாதபோது வட்டில் ஒதுக்கும் ஸ்வாப்பிலும் எவ்வளவு பிடித்திருக்கிறது, அது மொத்தத்தில் ஆயிரத்துக்கு எவ்வளவு என்பது மட்டுமே கணக்கு. நிர்வாகிக்கு வைத்திருந்த மூன்று விழுக்காட்டுச் சலுகையையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். 2010 மாற்றத்தோடு கூடவே ஒரு கதவையும் திறந்துவைத்தார்கள்: ஒவ்வொரு புராசஸுக்கும் -1000லிருந்து +1000 வரை ஒரு திருத்த எண்ணை வெளியிலிருந்து எழுதலாம். -1000 என்றால் தொடவே கூடாது. +1000 என்றால் முதல் பலி. கெர்னல், 'நான் எடை பார்க்கிறேன். யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்' என்று கையைக் கழுவிக்கொண்டது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு புராசஸின் அருமை கெர்னலுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கொலையாளி நம் வீடுகளுக்கு வந்த வழியில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் திட்டமாக, 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 2007 ஜனவரியில் சி-டாக், டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு அதுவும் உள்ளே இருந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அதை வாங்கியிருப்பீர்கள். பலர் பாஸ் பக்கம் எட்டிப்பார்த்திருக்க மாட்டீர்கள். அது வேறு கதை.

அந்த ஆரம்பகால மடிக்கணினிகளில் 2 ஜிபி ரேம். பிரவுசரில் நாலைந்து தாவல், பக்கத்தில் ஓர் ஆவணம், கூடவே ஒரு வீடியோ. என்ன ஆகும்? ஓஓஎம் கில்லர் வந்து ஒன்றைக் கொல்லும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அது வராது. வட்டின் விளக்கு அணையாமல் எரியும். மவுஸ் அம்பு உறைந்து நிற்கும். சங்கிலி வண்டி மாதிரி ஒரு சத்தம் வட்டிலிருந்து வரும். கெர்னல், ரேமில் இருப்பதை வட்டுக்குத் தள்ளி, வட்டிலிருந்து ரேமுக்கு எடுத்து, மறுபடி தள்ளி, வேறு எந்த வேலையும் செய்யாமல் திணறிக்கொண்டிருக்கும். பீட்டர் டென்னிங் இந்த நிலையை 1968லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். இத்தனைக்கும் கெர்னலின் கணக்கில் இன்னும் ஆபத்து வரவில்லை! கடைசிப் பக்கத்தையும் எடுக்க முடியாமல் போனால்தான் அது கத்தியை எடுக்கும். அதற்குள் பொறுமை இழந்த பையன் பொத்தானை அமுக்கி மடிக்கணினியை அணைத்திருப்பான். எல்லாமே செத்திருக்கும்.

ஆக, யாரைக் கொல்வது என்பது பாதிக் கேள்விதான். எப்போது என்பது மீதிப் பாதி. இதற்கு விடை வர 2018 ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20இல், பேஸ்புக்கில் வேலை பார்த்த யோகன்னஸ் வைனர் ஓர் அளவையைச் சேர்த்தார். ரேம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ரேம் இல்லாததால் வேலைகள் எவ்வளவு நேரம் தடைப்பட்டு நின்றன என்று பார்ப்பது. கையிருப்பை எண்ணாமல் வலியை அளப்பது. ஆண்ட்ராய்டு 10லிருந்து போன்களில் இந்த அளவைதான் மணி அடிக்கிறது. சாதாரணப் போனில், ஒரு விநாடியில் 70 மில்லிவிநாடி தடைப்பட்டாலே எச்சரிக்கை. ரேம் குறைந்த போனுக்கு அந்த வரம்பு 200 மில்லிவிநாடி. குறைந்த விலைப் போன் எப்போதும் கொஞ்சம் திணறிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு திணறலுக்கும் கொல்லத் தொடங்கினால் ஒன்றும் மிஞ்சாது என்பதால் அப்படி.

இப்போது போனுக்கு வருவோம். திரையைப் பாருங்கள். என் போனை மடிக்கணினியோடு கம்பியில் இணைத்திருக்கிறேன். லினக்ஸ் கெர்னலின் மேல் எழுந்த ஆண்ட்ராய்டு, அந்தக் கெர்னல் திறந்துவைத்த திருத்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு ஒரு படிக்கட்டே கட்டியிருக்கிறது. நான் இப்போது புகைப்பட கேலரியைத் திறக்கிறேன். அதன் எண் 0. கண் முன்னால் இருப்பவனுக்கு 0. அவனைத் தொடுவது கிட்டத்தட்ட இல்லை. முகப்புத் திரைக்குப் போகிறேன். பாருங்கள், கேலரி 700க்கு ஏறிவிட்டது. கடைசியாகப் பார்த்தவனுக்கு 700. பயனர் உடனே அவனிடம் திரும்பி வரக்கூடும் என்ற ஊகம். இன்னும் இரண்டு ஆப்களைத் திறக்கிறேன். கேலரி இப்போது 900ஐத் தாண்டிவிட்டது. 900லிருந்து 999 வரை இருப்பவர்கள் எல்லோரும் 'கிடக்கட்டும், தேவைப்பட்டால் தூக்கலாம்' பட்டியலில் இருப்பவர்கள். நாம் சும்மா கிடக்கிறது என்று சொல்வது இவர்களைத்தான். இவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. பார்த்து அதிக நேரமானவனுக்கு எண் அதிகம்.

இப்போது ஒரு பாட்டைப் போட்டுவிட்டு முகப்புக்குப் போகிறேன். பாட்டு ஆப் 900க்குப் போகவில்லை, 200லேயே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிகிறதே. முகப்புத் திரை வேறு ஆப்புக்கு வழிவிட்டு நின்றால் அதற்கு 600. தொலைபேசி ஆப் -800, இயங்குதளத்தின் இதயமான சிஸ்டம் சர்வர் -900. கீழே அமைப்பின் அடித்தளப் பணியாளர்கள் சிலர் -1000.

இடம் நெருக்கினால் மேல்படியிலிருந்து ஒவ்வொருவராக. நெருக்கடி அதிகமானால் 700க்கு, 600க்கு, கீழே கீழே இறங்கும். கொல்லும் சமிக்ஞையின் எண் 9. அதைப் பிடிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, கடைசி வார்த்தை சொல்லவும் வாய்ப்பில்லை. ஒரே படியில் பலர் இருந்தால் அவர்களில் பருத்தவனைப் பார்த்து அடிக்கச் சொல்லும் அமைப்பும் உண்டு; அப்படிச் செய்தால் ஒரே அடியில் நிறைய இடம் கிடைக்கும். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் 192 எம்பி ரேம்தான் இருந்தது. இந்தப் படிக்கட்டின் வேர் அந்த வறுமையில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் அடைகாப்பில் வளர்ந்த நிறுவனம் 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ் என்ற போன் இயங்குதளமும் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை எடுத்து எழுந்ததுதான். அந்தத் திறந்த நிரலில் இந்தக் கொலையாளியும் சேர்த்திதான்.

ஐபிஎம்மின் கடிகாரம் முழுக்கப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். திரையில் காட்ட ஒன்றுமில்லாத வெற்றுப் புராசஸ் அரை மணி நேரம் அசையாமல் இருந்து, அப்படிப்பட்டவை எண்ணிக்கையில் அதிகமாகவும் இருந்தால் அதை எடுத்துவிடும் விதி ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகள் இருந்தது. ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து இன்னொரு நல்ல வழியும் வந்தது: கொல்லாமல் உறையவைப்பது. 900இல் கிடப்பவனுக்குச் சிபியூவே கிடைக்காதபடி பூட்டிவிடுகிறார்கள். ரேமில் அவன் அப்படியே இருப்பான். தொட்டதும் பூட்டு திறக்கும். ஆண்ட்ராய்டு 14இல் பத்து விநாடியிலேயே பூட்டிவிடுகிறார்கள். 'பேக்ரவுண்டுல ஓடுது சார்' என்ற பயத்துக்குப் புதிய போன்களில் பெரிதாக வேலையில்லை. ஓட விட்டால்தானே!

ஐபோனில் இதே வேலையைச் செய்பவனுக்கு ஜெட்சம் என்று பெயர். அவனுக்கும் படிக்கட்டு உண்டு. கணினியில் குரோம் பிரவுசர் 2015இலிருந்து, நெருக்கடி வந்தால் பார்க்காத தாவல்களைக் காலி செய்துவிடுகிறது. பெயர் மட்டும் மேலே இருக்கும், தொட்டால் பக்கம் மறுபடி இறங்கும். (இந்தக் குரோமுக்கும் நம் குரோம்பேட்டைக்கும் உறவில்லை. பேட்டையின் பெயர் பழைய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது.) லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04இல் நெருக்கடியை முன்கூட்டியே பார்த்து அடிக்கும் ஒரு காவலாளியை வைத்தார்கள். இடம் இருக்கும்போதே பிரவுசரை முழுசாகக் கொன்றுவிட்டான் என்று ஒரே புகார். விமானக் கதையில் அந்த நிகழ்ச்சியும் இருக்கிறது: எரிபொருள் இருக்கும்போதே ஆளைத் தள்ளுவது.

இனி தவறுக்கு வருகிறேன். படிக்கட்டின் அடிப்படை என்ன? உங்கள் கண் எங்கே இருக்கிறது என்பது. பார்ப்பவை முக்கியம், இப்போது பார்த்தவை கொஞ்சம் முக்கியம், பார்க்காதவை கிடக்கட்டும். பத்தில் ஒன்பது தடவை இது சரியான ஊகம். பத்தாவது தடவையைச் சொல்கிறேன்.

முடிச்சூரில் ஒரு மாணவி போனில் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள். போனில் 3 ஜிபி ரேம். பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, அப்பாவின் வருமானச் சான்று எண் எல்லாம் தட்டி முடித்தாயிற்று. கடைசியில் புகைப்படம். பொத்தானைத் தொட்டதும் கேமரா ஆப் திறக்கிறது. போனில் இருக்கும் ஆப்களிலேயே கேமரா பெரிய தீனிக்காரன். நூற்றுக்கணக்கான எம்பியை ஒரே வாயில் கேட்பான். அவன் 0இல் இருக்கிறான், விண்ணப்ப ஆப் 700க்கு ஏறிவிட்டது. 900க்காரர்களை ஏற்கெனவே தூக்கியாயிற்று, போதவில்லை. அடுத்த படி 700. படத்தை எடுத்து, சரி என்று அமுக்கித் திரும்புகிறாள். விண்ணப்பம் முதல் பக்கத்தில் வெறுமையாக நிற்கிறது. அவள் மறுபடி எல்லாவற்றையும் தட்டுவாள். மறுபடி கேமரா வரும். 8 ஜிபி போன் வைத்திருப்பவனுக்கு இது பெரும்பாலும் நடக்காது. நடக்கிறது என்று சொன்னால் நம்பவும் மாட்டான். அந்த ஆப்பை எழுதியவர் கையில் பெரும்பாலும் 8 ஜிபி போன்தான் இருக்கும்.

இயங்குதளத்தின் பார்வையில் அந்த ஆப் சும்மா கிடந்தது. உண்மையில் அது அவளுக்காகக் காத்திருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ரேமில் தெரியாது. சிபியூ கணக்கிலும் தெரியாது. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பதும் வேலையில்லாதவன் வாசலில் நிற்பதும் தெருவில் போகிறவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆண்ட்ராய்டைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால் தொடக்கத்திலேயே ஓர் ஒப்பந்தத்தை வைத்தார்கள். உன்னை நான் எப்போது வேண்டுமானாலும் கொல்வேன். ஆனால் கண்ணிலிருந்து மறையும்போது ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக்கொடுக்க அவகாசம் தருவேன். அதை நான் பத்திரமாக வைத்திருந்து, பயனர் திரும்பி வந்து உன்னை மறுபடி எழுப்பும்போது உன் கையில் கொடுப்பேன். பொட்டலத்தில் அதுவரை நிரப்பியதை வைத்திருந்தால், அந்த மாணவிக்குக் கொலை நடந்ததே தெரிந்திருக்காது. திரை ஒரு கணம் தாமதித்துத் திறந்திருக்கும், அவ்வளவுதான். பொட்டலம் கட்டாத ஆப்தான் குற்றவாளி. சோதிக்காமல் வெளியிட்டவர்களும்.

இங்கே கை தூக்கியவர்களிடம் ஒரு சேதி. இயங்குதளம் கொன்றால் அந்தப் பொட்டலம் பத்திரமாக இருக்கும். நீங்கள் மேலே தள்ளி மூடினால் பொட்டலமும் குப்பைக்குப் போகும். வேண்டாம் என்று நீங்களே சொன்னதாக அதற்கு அர்த்தம். அடுத்த தடவை திறக்கும்போது அடிமுதல் எல்லாவற்றையும் சேமிப்பிலிருந்து ஏற்ற வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்புவதைவிட அதற்குச் சிபியூவும் பேட்டரியும் அதிகம் செலவாகும். காலியான ரேமுக்கு மின்சாரம் குறைவாக ஆவதும் இல்லை. ஆப் ஏதாவது உறைந்துபோய் அடம்பிடித்தால் தள்ளி மூடுங்கள், அதற்குத்தான் அந்த வசதி. கடையில் சொன்னார்கள் என்று மணிக்கொரு தரம் செய்ய வேண்டாம்.

செத்த ஆப்புக்குச் செய்தி வராதே என்று சிலர் பயப்படுகிறார்கள். வரும். ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகக் காது கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. கூகுளின் ஒரு சேவை எல்லோர் சார்பிலும் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பெயருக்குச் செய்தி வந்தால் செத்தவனை எழுப்பி அவன் கையில் கொடுக்கும். அமைப்புகளுக்குள் போய்க் கட்டாயமாக நிறுத்தினால் மட்டும் நீங்களே திறக்கும்வரை அவன் எழ மாட்டான்.

ஆனால் இந்த ஒப்பந்தத்தைக் குலைப்பவர்களும் இருக்கிறார்கள். சில போன் தயாரிப்பாளர்கள் பேட்டரி நீடிக்கிறது என்று விளம்பரம் செய்வதற்காகப் படிக்கட்டுக்கு மேல் தங்கள் சொந்தக் கத்தி ஒன்றையும் வைக்கிறார்கள். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில், ரேம் தாராளமாக இருந்தாலும், அது வெட்டும். எல்லோரும் வைத்திருக்கும் பெரிய ஆப்களுக்கு விலக்குப் பட்டியல் உண்டு. இல்லாவிட்டால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே. சேலையூரில் ஒரு பையன் தன் பாட்டிக்காக எழுதிய மாத்திரை நினைவூட்டி அந்தப் பட்டியலில் இருக்காது. இரவு எட்டு மணி மாத்திரைக்கு மணி அடிக்காது. பாட்டி பையனைத் திட்டுவார், பையன் தன் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பான். நெருக்கடி வந்தால் கொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. விளம்பரத்துக்காகக் கொல்வதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

அந்தப் பையனுக்கு 2020 முதல் ஒரு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11லிருந்து, தான் முந்தைய தடவை எப்படிச் செத்தோம் என்பதை ஓர் ஆப் இயங்குதளத்திடமே கேட்கலாம். ரேம் நெருக்கடியா, தன் பிழையா, பயனர் மூடினாரா என்று காரணத்தோடும், அப்போது எந்தப் படியில் இருந்தோம் என்ற விவரத்தோடும் பதில் வரும். பல ஆண்டு இருட்டில் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய வெளிச்சம்.

பின்வரிசை மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். போனைப் பற்றிய பகுதியில் பில்டு எண்ணை ஏழு தடவை தொட்டால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். அதில், பயனர் விட்டு நகர்ந்ததும் ஒவ்வொரு திரையையும் அழித்துவிடச் சொல்லும் ஒரு சொடுக்கி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, நீங்கள் எழுதிய ஆப்பில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பி, கேமராவுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். தட்டியது அங்கே இருக்கிறதா பாருங்கள். அது தேறினால் அடுத்த சோதனை: கம்பியில் இணைத்து, ஆப் பின்னால் இருக்கும்போது புராசஸையே கொல்லும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி திறவுங்கள். இரண்டிலும் தேறாத ஆப்பை வெளியிட வேண்டாம். வீட்டில் பழைய 2 ஜிபி, 3 ஜிபி போன் ஏதாவது கிடந்தால் விற்றுவிடாதீர்கள், சோதனைக்கு அதைவிட நல்ல கருவி கிடைக்காது.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.